விரலுக்கு எவ்வளவு, சம்பளத்துக்கு எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

சின்னப் பட்டறை, கடை, ஏஜென்சிகளில் வேலை செய்பவர்களுக்கு அடிபட்டாலோ உடல் இயலாமல் போனாலோ எந்தப் பாலிசி கைகொடுக்கும் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: கோவை கணபதியில் லேத், பவர் பிரஸ் வைத்துப் பட்டறை நடத்துகிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஏஜென்ட் 'குரூப் ஆக்சிடென்ட் பாலிசி போதும்' என்கிறார். ஆடிட்டர் 'டபிள்யூசி பாலிசி போடு' என்கிறார். எதைப் போடுவது?

இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்ற எண்ணத்தில்தான் பலர் மலிவானதை எடுத்துவிடுகிறார்கள். டபிள்யூசி (ஒர்க்மென்ஸ் காம்பன்சேஷன், அதாவது பணியாளர் இழப்பீடு) பாலிசி, சட்டப்படி நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டைத் தந்து உங்களைக் காப்பாற்றுவது. குரூப் ஆக்சிடென்ட் பாலிசி உங்கள் ஆட்களைக் காப்பாற்றுவது.

பத்துப் பேருக்குக் கீழே இருப்பதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உங்களுக்குக் கட்டாயமில்லை. அதனால் வேலையில் அடிபட்டால் பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படி பணம் தர வேண்டியவர் நீங்கள். 1923-ஆம் ஆண்டுச் சட்டமான அது, இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் வந்துவிட்டது. கணக்கைப் பாருங்கள். பிரஸ் ஓட்டுபவருக்கு வயது 30, சம்பளம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இழப்பீட்டுக் கணக்குக்கு 15,000 ரூபாய் வரைதான் எடுப்பார்கள். 2020-இல் வைத்த உச்சவரம்பு அது. அதில் 60 சதவீதம் 9,000. சட்ட அட்டவணையில் முப்பது வயதுக்கென்று உள்ள பெருக்கும் எண் 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய். இது நிரந்தர முழு இயலாமைக்கு. கட்டைவிரல் மட்டும் போனால் சட்ட அட்டவணைப்படி 30 சதவீதம்: 5,61,546 ரூபாய். மணிக்கட்டோடு கை போனால் 60 சதவீதம்: 11,23,092 ரூபாய்.

அதே ஆளுக்கு நீங்கள் 5 லட்சத்துக்கு குரூப் ஆக்சிடென்ட் போட்டிருந்தால்? வழக்கமான பாலிசி அட்டவணையில் கட்டைவிரலுக்கு 25 சதவீதம், அதாவது 1,25,000 ரூபாய். கைக்கு 50 சதவீதம், 2,50,000. மீதியை யார் தருவது? அந்த ஆள் மனுப் போட்டால் நீங்கள்தான். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. காரணமில்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும். அந்த அபராதத்தை டபிள்யூசி பாலிசியும் ஏற்காது.

ஆகவே பிரஸ் ஓடும் இடத்தில் முதலில் டபிள்யூசி. எடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஆறு பேரையும் உண்மைச் சம்பளத்தோடு எழுதுங்கள். பிரீமியத்தைக் குறைக்க நான்கு பேர், 8,000 ரூபாய் என்று எழுதினால் கிளைமும் அதே விகிதத்தில் குறையும். மருத்துவச் செலவு தானாக வராது. அதைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். லேபர் கான்ட்ராக்ட்டில் வரும் ஆட்களும் அப்படித்தான். அதன்பிறகு கையில் காசு மிஞ்சினால் குரூப் ஆக்சிடென்ட். ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் குறைந்தது 7 பேர் இருந்தால்தான் குரூப் தருகின்றன. உங்களையும் சேர்த்து ஏழு ஆக்க முடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆளுக்கொரு தனிநபர் பாலிசிதான்.

இன்னொன்று: பத்துப் பேருக்குக் குறைவான இடங்களும், முதலாளியும் தொழிலாளர்களும் சம்மதித்தால், தாமாக இ.எஸ்.ஐ.யில் சேர புதிய சட்டத்தொகுப்பு இடம் தருகிறது. 21,000 ரூபாய்க்குக் கீழே சம்பளம் வாங்குபவர்கள் நிறைந்த பட்டறைக்கு, என்னைக் கேட்டால், எந்தத் தனியார் பாலிசியையும்விட அது நல்ல வழி.

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லர். மாதம் 16,000 வருகிறது, இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். நான் தனியாக எதுவும் எடுக்க வேண்டுமா?

உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், 120 ரூபாய். கம்பெனி போடுவது 3.25 சதவீதம், 520 ரூபாய். இந்த 640 ரூபாய்க்கு வருவதைத் தனியார் நிறுவனம் எதுவும் தராது. வேலையில் அடிபட்டுப் படுத்திருக்கும் நாளெல்லாம் கூலியில் 90 சதவீதம். நிரந்தரமாக ஏதாவது போய்விட்டால் வாழ்நாள் முழுக்க மாதாமாதம் தொகை. நாள் சராசரிக் கூலி 600 என்றால் 90 சதவீதம் 540. ஆள்காட்டி விரல் முழுசும் போனால் 14 சதவீத இழப்பு. 540-இல் 14 சதவீதம், நாளுக்கு 75 ரூபாய் 60 காசு. மாதம் ஏறத்தாழ 2,270. அதே வேலையில் தொடர்ந்தாலும் அது வந்துகொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இது உண்டு. கம்பெனிக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடந்த விபத்தும், வேலைக்கான பயணம்தான் என்று காட்ட முடிந்தால், சேரும்.

ஓட்டை எங்கே என்றால், ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குப் போகும் பஸ் கவிழ்ந்து கை போனால் அது வேலை விபத்து இல்லை. அப்போது கிடைப்பது இ.எஸ்.ஐ. மருத்துவமும், நோய்க்காலப் பணமாக 70 சதவீதம் 91 நாள் வரையும்தான். அதுவும் முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பணம் கட்டியிருந்தால். போன கைக்கென்று தனித்தொகை கிடையாது. 24 மணி நேரமும் எங்கே நடந்தாலும் செல்லும் தனிநபர் விபத்துப் பாலிசி உங்களுக்குத் தேவைப்படுவது இந்த இடத்துக்குத்தான். இ.எஸ்.ஐ. வாங்கினாலும் இதையும் வாங்கலாம். ஒன்று மற்றதைத் தடுக்காது. (இ.எஸ்.ஐ.யும் பணியாளர் இழப்பீடும் மட்டும்தான் சேர்ந்து வராது.)

எல்லா நிறுவனங்களும் ஒரே விதிமுறையில் விற்கும் 'சரள் சுரக்ஷா பீமா' என்ற பாலிசி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. இரண்டரை லட்சத்திலிருந்து தொடங்கும், 18 முதல் 70 வயதுவரை சேரலாம். விதிமுறை ஒன்று என்பதால் விலையை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

உங்கள் பத்து இலக்க இ.எஸ்.ஐ. எண்ணை இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட மறுநாள்தான் பெயர் ஏற்றப்பட்டது என்று தெரியவரும் கதை பனியன் ஊருக்குப் புதிதில்லை.

கேள்வி: கட்டிங் மெஷினில் என் தம்பிக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அரசு மருத்துவமனையில் ஊனச் சான்றிதழில் இத்தனை சதவீதம் என்று எழுதினார்கள். இன்ஷூரன்ஸில் அதைவிடக் குறைவாகக் கொடுத்தார்கள். ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. ஒரே கைக்கு மூன்று கணக்குகள் உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எழுதும் சதவீதம் உடலுறுப்பின் இழப்பு. இ.எஸ்.ஐ. மருத்துவக் குழுவும் இழப்பீட்டுச் சட்டமும் பார்ப்பது சம்பாதிக்கும் திறனின் இழப்பு. அந்த அட்டவணையில் ஒரு கையின் இரண்டு விரல்களுக்கு 20 சதவீதம். தனியார் பாலிசிக்கு அதன் உள்ளே அச்சடித்த அட்டவணை ஒன்றுதான் கணக்கு. வழக்கமான அட்டவணையில் ஆள்காட்டி விரல் மூன்று கணுவும் போனால் 10, நடுவிரலுக்கு 6. மொத்தம் 16 சதவீதம். 5 லட்சம் பாலிசி என்றால் 80,000 ரூபாய்.

சரிபார்க்க வேண்டியது கணு எண்ணிக்கையை. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு என்றால் 8, ஒன்று என்றால் 4. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'விரல் நுனி துண்டிப்பு' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் கம்பெனி ஒரு கணுவுக்குத்தான் கொடுக்கும். எக்ஸ்ரேயோடு போய், எந்தக் கணுவரை எடுக்கப்பட்டது என்று அறுவை செய்த டாக்டரிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள். விரல் இருக்கிறது, மடங்கவில்லை என்றால், 'பயன்பாட்டை இழத்தல்' என்ற சொல் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். சில பாலிசிகள் உறுப்பு துண்டானால்தான் தரும்.

'இனி தையல் வேலை செய்யவே முடியாது, ஆகவே முழு இயலாமை' என்று வாதாடினால் நிற்காது. பெரும்பாலான பாலிசிகளில் முழு இயலாமை என்றால் சம்பாதிக்கத்தக்க எந்த வேலையும் செய்ய முடியாத நிலை. வாட்ச்மேன் வேலை பார்க்க முடிந்தால்கூட அது முழு இயலாமை ஆகாது.

கேள்வி: மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கர். வயது 42, சம்பளம் 32,000. கடையில் எட்டுப் பேர்; இ.எஸ்.ஐ. இல்லை. பக்கவாதம் வந்து படுத்துவிட்டால் மாதாமாதம் சம்பளம்போலத் தரும் பாலிசி உண்டா?

வெளிநாடுகளில் விற்பதுபோல, எந்த நோயால் வேலை போனாலும் ஓய்வு வயதுவரை சம்பளத்தில் பாதிக்கு மேல் மாதாமாதம் தரும் பாலிசியை இங்கே கடைக்கணக்கர் ஒருவர் போய் வாங்கிவிட முடியாது. துண்டு துண்டாகத்தான் தைக்க வேண்டும்.

விபத்துப் பாலிசி உங்கள் கேள்விக்கு உதவாது. அதில் விபத்து என்றால் வெளியிலிருந்து, திடீரென்று, கண்ணுக்குத் தெரிகிற காரணத்தால் வந்த காயம். பக்கவாதம் நோய். மாடிப்படியில் விழுந்ததால் கால் உடைந்தால் உண்டு. பக்கவாதம் வந்ததால் விழுந்து கால் உடைந்தால் சண்டைதான். 'டிசபிலிட்டி கவர் இருக்கிறது சார்' என்று ஏஜென்ட் சொல்லும்போது, 'நோயால் வந்தாலுமா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

நோய்க்கு உள்ள வழி கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி. பக்கவாதம், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கைகால்களின் நிரந்தரச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய் போன்றவை வந்தால் மொத்தமாக ஒரு தொகை. எடுத்த முதல் 90 நாளுக்குள் வந்தது சேராது. நோய் உறுதியான பிறகு பல பாலிசிகளில் 30 நாள் உயிரோடு இருக்க வேண்டும். பக்கவாதத்துக்கு ஸ்கேனில் தெரிவது மட்டும் போதாது. நரம்புப் பாதிப்பு குறைந்தது 3 மாதம் நீடித்து, நிரந்தரம் என்று காட்ட வேண்டும். ஒரு நாளில் சரியாகிவிடும் மினி ஸ்ட்ரோக் சேராது. ஆகவே முதல் வாரத்தில் கிளைம் போட்டுவிட்டுக் கோபப்படாதீர்கள். தகவல் உடனே கொடுங்கள். நரம்பியல் டாக்டரின் சான்றை மூன்று மாதம் முடிந்ததும் சேருங்கள்.

பிரஷர், சுகர் இருந்தால் விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். பிரீமியம் கூடலாம், மறுக்கவும்கூடச் செய்யலாம். மறைத்தால் நாளைக்கு ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டின் முதல் வரியிலேயே 'பத்து வருடமாகப் பிரஷர்' என்று எழுதியிருக்கும்.

மாதாமாதம் வருவதற்கு அருகில் இருப்பது ஆயுள் காப்பீட்டு ரைடர்கள், அதாவது பாலிசியோடு சேர்த்து எடுக்கும் கூடுதல் காப்புகள். எல்.ஐ.சி.யின் விபத்து மரண, இயலாமை ரைடரில், விபத்தால் நிரந்தர முழு இயலாமை ஆனால் ரைடர் தொகை பத்து வருடத்துக்குச் சம மாதத் தவணைகளாக வரும். ஆனால் அதுவும் விபத்துக்கு மட்டும். டெர்ம் பாலிசி எடுக்கும்போது பிரீமியம் தள்ளுபடி ரைடரை, தீவிர நோய்க்கும் சேர்த்துக் கேளுங்கள்; படுக்கையில் இருக்கும் வருடங்களில் பாலிசி காலாவதியாகாமல் இருக்கும்.

கடையில் பி.எஃப். பிடித்தால் ஒன்று நினைவில் வையுங்கள். வேலையில் இருக்கும்போது நிரந்தர முழு இயலாமை வந்தால் பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் பத்து வருட சர்வீஸ் தேவையில்லை. ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் இயலாமை ஓய்வூதியம் உண்டு. தொகை சிறியது, ஆனால் நோயால் வந்தாலும் தரும்.

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஏஜென்சியில் கலெக்‌ஷன் வேலை. பைக்கில் விழுந்து கால் முறிந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். வாராந்தரத் தொகை தரும் பாலிசி இருந்தும் மூன்று வாரத்துக்குத்தான் கொடுத்தார்கள். ஏன்?

உங்கள் ஓனர் இரக்கப்பட்டு வருகைப் பதிவேட்டில் 'பிரசன்ட்' போட்டுச் சம்பளம் கொடுத்தாரா? வாராந்தரக் கிளைம் இடறி விழும் முதல் கல் அதுதான். தற்காலிக முழு இயலாமை என்றால் அந்த நாட்களில் வேலைக்கே போக முடியவில்லை என்று காட்ட வேண்டும். கம்பெனி கேட்பது லீவ் சான்று, வருகைப் பதிவேட்டு நகல், டாக்டர் எழுதிய ஓய்வுக்காலம், வேலைக்குத் திரும்பலாம் என்ற ஃபிட்னஸ் சான்று. நான்கிலும் தேதி ஒத்துப்போக வேண்டும். உட்கார்ந்தபடி இரண்டு மணி நேரம் பில் போட்டிருந்தாலும் அன்றோடு 'முழு' இயலாமை முடிந்தது. ஓனர் உதவ நினைத்தால் லீவு என்றே குறித்து, பணத்தை அட்வான்ஸாகவோ உதவித்தொகையாகவோ எழுதட்டும்.

இரண்டாவது கல், டாக்டர் சீட்டு. 'மூன்று வாரம் ஓய்வு' என்று முதல் சீட்டில் எழுதியிருப்பார்; அதற்குப்பின் மாவுக்கட்டுப் பிரிக்கப் போனபோது ஓய்வை நீட்டித்து எழுதி வாங்கியிருக்க மாட்டீர்கள். உங்களுக்கு நடந்தது இதுவாக இருந்தால் இப்போதும் வழி உண்டு. அப்போதைய எக்ஸ்ரேக்களின் தேதியை வைத்து, சிகிச்சை தந்த டாக்டரிடம் விளக்கக் கடிதம் வாங்கி மறுபரிசீலனைக்கு அனுப்புங்கள்.

தொகையையும் பாருங்கள். பழைய பாணிப் பாலிசிகளில் வாரத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், ஆனால் பலவற்றில் 5,000 ரூபாய் உச்சவரம்பு. 'சரள் சுரக்ஷா'வில் இது விருப்பத் தேர்வு, 0.2 சதவீதம். 10 லட்சத்துக்கு வாரம் 2,000 ரூபாய். பைக் உங்கள் பெயரில் இருந்து, இன்ஷூரன்ஸில் ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பு 15 லட்சம் இருந்தால், அது மரணத்துக்கும் நிரந்தர இழப்புக்கும்தான். எலும்பு முறிவுக்கு வாரப்பணம் அதில் வராது.

கேள்வி: மில்லில் அடிபட்டது. 'வீட்டுல வழுக்கி விழுந்ததா சொல்லு, செலவெல்லாம் நான் பாத்துக்குறேன்' என்று ஓனர் சொன்னதால் ஆஸ்பத்திரியில் அப்படியே சொல்லிவிட்டேன். இப்போது செலவுக்குப் பணம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் முதல் பத்து நிமிடத்தில் எழுதும் ஏ.ஆர். காப்பிதான் (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர், அதாவது விபத்துப் பதிவேட்டு நகல்) பிறகு வரும் எல்லாக் காகிதத்துக்கும் தாய். இ.எஸ்.ஐ., இழப்பீடு, தனியார் பாலிசி மூன்றும் அதைத்தான் முதலில் கேட்கும். 'வீட்டில் விழுந்தார்' என்று இருந்தால் முதல் இரண்டும் அடிவாங்கும். தனியார் விபத்துப் பாலிசி இருந்தால் அது தப்பும், ஏனென்றால் விபத்து வீட்டில் நடந்தாலும் சரிதான். ஆனால் இப்போது 'மில்லில்தான் நடந்தது' என்று மாற்றி எழுதினால் அங்கும் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தாலும், மில்லில் நடந்தது என்ற ஒரே உண்மையை எல்லா இடத்திலும் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது: நடந்த தேதி, நேரம், மெஷின், உடன் இருந்த இருவர் பெயரோடு மில் நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுத்து. இ.எஸ்.ஐ. இருந்தால் கிளை அலுவலகத்துக்கும் ஒரு நகல்; விபத்து அறிக்கை அனுப்புவது முதலாளியின் கடமை, அவர் அனுப்பவில்லை என்றால் நீங்கள் தெரிவிக்கலாம். அன்றைய ஷிப்ட்டில் நீங்கள் இருந்ததைக் காட்டும் பஞ்ச் பதிவு, மில் வண்டியில் கொண்டுபோனார்கள் என்றால் டிரைவர், இவையெல்லாம் சாட்சி. முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: இ.எஸ்.ஐ. கட்டும் மில்லில் விபத்தை மறைப்பதால் மிச்சம் ஒன்றுமில்லை. இழப்பீட்டைத் தருவது இ.எஸ்.ஐ., நீங்கள் இல்லை.

ஏ.ஆர். காப்பியில் 'மது வாடை' என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த இரண்டு சொல் இருந்தால் தனியார் கிளைம் அநேகமாக நிராகரிப்புதான்.

கேள்வி: பாங்க்கில் 436 ரூபாய் பிடிக்கிறார்கள். கை கால் போனால் அதில் வருமா?

வராது. 436 ரூபாய் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டம், மரணத்துக்கு மட்டும். இயலாமைக்கு உள்ளது 20 ரூபாய் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் (மேலே சொன்ன 'சரள் சுரக்ஷா' வேறு). இரண்டு கண், இரண்டு கை அல்லது கால், அல்லது ஒரு கண்ணும் ஒரு கையோ காலோ போனால் 2 லட்சம். ஒரு கண் அல்லது ஒரு கை, கால் போனால் 1 லட்சம். விரலுக்குக் கிடையாது, வாரப்பணமும் கிடையாது. ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருடம். மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாமல் போனால் சத்தமில்லாமல் நின்றுவிடும், பாஸ்புக்கில் பாருங்கள்.

கேள்வி: சிவகாசியில் அச்சகத்தில் மெஷின்மேன். பாலிசியில் ஏஜென்ட் 'அலுவலக உதவியாளர்' என்று போட்டிருக்கிறார். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடாதீர்கள். விபத்துப் பாலிசியில் விலை தொழிலைப் பொறுத்தது. மேஜை வேலை முதல் பிரிவு, மெஷினும் கைவேலையும் இரண்டாவது, சுரங்கம், வெடிபொருள் போன்றவை மூன்றாவது. தவறான பிரிவில் இருந்தால் தொகையைக் குறைப்பார்கள் அல்லது மறுப்பார்கள். தொழிலை மாற்றிப் பதியச் சொல்லி எழுத்தில் கேட்டு, திருத்தச் சீட்டை வாங்கிப் பாலிசியோடு ஒட்டி வையுங்கள். உங்கள் ஊரில் பட்டாசு ஆலைக்கு மாறினாலும் உடனே தெரிவிக்க வேண்டும். சில நிறுவனங்கள் அந்த வேலைக்குப் பாலிசியே தருவதில்லை. குரூப் பாலிசி என்றால் வேலையை விட்ட அன்றே காப்பும் போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: நான் வேலை செய்யும் சின்னக் கம்பெனி எடுத்த குரூப் பாலிசியில் கிளைமை மறுத்துவிட்டார்கள். பாலிசி ஓனர் பெயரில். நான் எங்கே போவது?

மறுப்பை முதலில் எழுத்தில் வாங்குங்கள், எந்த விதியின்கீழ் என்று குறிப்பிட்டு. பிறகு அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு கடிதம். ஒரு மாதம் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம். குரூப் பாலிசிப் புகார்களையும், குறுந்தொழில்கள் எடுத்த பாலிசிகள் பற்றிய புகார்களையும் அவர்கள் ஏற்கிறார்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது, ஆன்லைனிலும் அனுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் வரையிலான தொகைக்குத் தீர்ப்புத் தரலாம். நிறுவனம் மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதே விஷயம் நுகர்வோர் மன்றத்தில் நடந்துகொண்டிருக்கக் கூடாது.

பாலிசி நகல் ஓனரிடம்தான் இருக்கும். அதோடு உங்கள் பெயர் உள்ள உறுப்பினர் பட்டியலையும் வாங்குங்கள். விபத்து நடந்த தேதிக்கு முன்பே உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்பதைத்தான் அங்கே முதலில் பார்ப்பார்கள்.